ஸ்டீரியோவில் மட்டும் உடையும் குரல்

பீட்டில்ஸ் இசைக்குழுவின் 'இஃப் ஐ ஃபெல்' பாட்டில் 'இன் வெய்ன்' என்று இரண்டாம் முறை வரும் இடத்தை, ஏறக்குறைய 1:45-இல், ஹெட்ஃபோனில் கேட்டுப் பாருங்கள். மேல் ஸ்வரத்தைப் பிடிக்கப் போன பால் மெக்கார்ட்னியின் குரல் பாதியிலேயே கம்மிவிடும். மோனோ, அதாவது எல்லா ஒலியும் ஒரே தடத்தில் வரும் ரெக்கார்டு வாங்கியவர்கள் காதில் இது விழுந்திருக்காது. இடம், வலம் என்று இரண்டாகப் பிரித்துக் கலந்த ஸ்டீரியோ மிக்ஸில் மட்டுமே இருக்கிறது.

பதிவான நாள் 1964 பிப்ரவரி 27. நான்கு டிராக் டேப், அதாவது நான்கு தனித் தடங்களில் ஒலியைப் பதியும் நாடா. ஜான் லெனனும் பாலும் ஒரே மைக் முன்னால் நின்று பாடினார்கள். இரண்டு குரலும் ஒன்றாகக் கலந்து கிடப்பதால் பாலை மட்டும் பிரித்துத் திருத்த வழியில்லை; மாற்றுவதென்றால் இருவருமே மறுபடி பாட வேண்டும். அப்போது கவனமெல்லாம் மோனோவுக்குத்தான், ஸ்டீரியோ மிக்ஸ் கடமைக்குச் செய்தது. அதனால்தான் இப்படிப்பட்ட பிசிறுகள் அங்கே தப்பிப் பிழைத்திருக்கின்றன.

பீட்டில்ஸின் 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ'யும் அதே கதைதான். ஸ்டீரியோவுக்கு வேறு டேக்குகளை, அதாவது அதே பாட்டை வேறு முறை பாடிப் பதிந்தவற்றை, ஒட்டினார்கள். கடைசிச் சரணத்தில் ஜான் வரியை மாற்றிப் பாடிவிட்டு, அடுத்த 'கம் ஆன்'-இல் சிரிப்பை அடக்குகிறார். அந்தக்கால ஸ்டீரியோ என்பதால் குரல் ஒரு பக்கம், வாத்தியம் மறுபக்கம். வாத்தியம் வரும் காதைக் கழற்றிவிட்டால் சிரிப்பு பளிச்சென்று கேட்கும்.

மாமாஸ் அண்ட் பாப்பாஸின் 'ஐ சா ஹர் அகெய்ன்' (1966) பிழை வேறு ரகம். பஞ்ச்-இன் என்றால் ஓடும் டேப்பில் குறித்த இடத்தில் ரெக்கார்டு பட்டனை அழுத்துவது. இங்கே கொஞ்சம் முன்னாலேயே அழுத்தியாயிற்று. குழுவின் பாடகர் டென்னி டோஹர்டி 'ஐ சா ஹர்' என்று தொடங்கி, நிறுத்தி, மறுபடி சரியான இடத்தில் எடுக்கிறார். தயாரிப்பாளர் லூ ஆட்லர் அழிக்க வேண்டாம் என்றார். இன்று கேட்பவருக்கு அது வேண்டுமென்றே வைத்த தடுமாற்றம் போலத்தான் தோன்றும்.

குரல் உடைவதையே கேட்க ஆசை என்றால் ரோலிங் ஸ்டோன்ஸின் 'கிம்மி ஷெல்ட்டர்' (1969). மூன்றாவது நிமிடத்தை ஒட்டி பாடகி மெர்ரி கிளேட்டன் தனியே உச்சத்தில் பாடும்போது குரல் கிழிகிறது. வால்யூமைக் கூட்டினால், பின்னால் குழுவின் பாடகர் மிக் ஜாகர் 'வூ' என்று கூவுவதும் கேட்கும்.