பனேபாவுல மூணாவது வாரம்

நேபாளத்துல பனேபாங்கிற ஊருக்கு பிசியோ வாலண்டியரா வந்து மூணு வாரம் ஆச்சு. போன வாரம் ஒரு அம்மா நாலு வயசு பையன டோக்கோ கூடையில முதுகுல சுமந்துட்டு மலையிறங்கி வந்தாங்க, அவனுக்கு செரிப்ரல் பால்சி (மூளை பாதிப்பால உடம்பு அசைவு கட்டுக்குள்ள இருக்காத நிலை), தலை சரியா நிக்காது, வீல்சேர் குடுத்தாலும் அவங்க ஊர் படிக்கட்டுப் பாதையில எங்க உருட்டுறது? அதனால பழைய அட்டைப்பெட்டி, நியூஸ்பேப்பர், மைதா பசை வச்சு ஒரு சீட் செஞ்சோம், இடுப்பும் முட்டியும் 90 டிகிரில, தலைக்கு ரெண்டு பக்கமும் அணைப்பு, முன்னாடி ட்ரே.

இன்னைக்கு நல்லா காஞ்சதும் உக்கார வச்சோம். கொஞ்ச நேரத்துல கை ரெண்டும் முன்னாடி வந்துச்சு, பிஸ்கட்ட அவனே எடுத்துட்டான்! அந்த அம்மா "ஹேர்னுஸ், ஹேர்னுஸ்"னு (பாருங்க பாருங்க) எல்லாரையும் கூப்பிட்டாங்க, எனக்கு கண்ணு கலங்கிடுச்சு. நாளைக்கு வார்னிஷ் அடிக்கணும், மழையில ஊறிடக் கூடாது.