ஐந்து ஊசிக்கும் வற்றாத கண்

சர்க்கரை வந்து 11 வருஷம் கழித்து ஒருநாள், இடது கண்ணால் பார்த்தால் கதவு நிலை நெளிந்து தெரிந்தது. கண்ணாடி பவர் மாறியிருக்கும் என்றுதான் போனேன். விழித்திரையை அடுக்கடுக்காகப் படமெடுக்கும் ஓசிடி ஸ்கேனில், விழித்திரையின் மையமான மேக்குலாவின் நடுப்பகுதித் தடிமன் 468 மைக்ரான், இருக்க வேண்டியது 250, 270 அளவில். ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து விழித்திரை ஊறிப்போயிருக்கிறது, கண்ணுக்குள் ஊசி போட வேண்டும் என்றார்கள்.

எல்லோருக்கும் பயமே அந்த ஊசிதான், அதனால் முதலில் சொல்லிவிடுகிறேன். மரத்துப்போக சொட்டு மருந்து, அயோடின், இமை மூடாமல் இருக்க ஒரு கிளிப், அப்புறம் வெள்ளை விழியில் ஓர் அழுத்தம், அவ்வளவுதான். உள்ளே போவது 0.05 மில்லி. ஊசியைவிட அன்றிரவு அயோடின் எரிச்சல்தான் என்னைப் படுத்தியது.

மாதம் ஒன்றாக ஐந்து ஊசி. 468 இறங்கி 370-ல் நின்றது, அதற்குக் கீழே போகவே இல்லை. நான்தான் சர்க்கரையை ஒழுங்காகப் பார்க்கவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். ஆறாவது முறை போனபோது டாக்டர் ஸ்கேனைப் பெரிதாக்கி, விழித்திரை அடுக்குகளுக்குள் மணல் தூவியது போன்ற வெள்ளைப் புள்ளிகளைக் காட்டினார். இவற்றில் சில கிளர்ந்தெழுந்த நோயெதிர்ப்பு செல்களாக இருக்கலாம் என்றார்.

குழாய் ஒழுகுகிறது, அடைத்தால் முடிந்தது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். விஷயம் அப்படி இல்லை. சர்க்கரை பல வருஷம் ஏறியே இருந்தால் குழாயின் உட்சுவர் செல்கள் ஒட்டுப் புரதங்களை அதிகமாக வெளியே நீட்டுகின்றன, ரத்தத்தோடு போகும் வெள்ளை அணுக்கள் அதில் சிக்கி நின்றுவிடுகின்றன. விழித்திரையின் நுண்குழாயில் வெள்ளை அணு நசுங்கித்தான் போக முடியும், அங்கே ஒன்று நின்றாலே பின்னால் வருவது அடைபடும். நின்றது சும்மா இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை, சுவரையே சேதப்படுத்துகிறது, செல்களுக்கு இடையிலான இறுக்கம் தளர்ந்து நீர் கசிகிறது. ஆக்சிஜன் கிடைக்காத பகுதி வீஇஜிஎஃப் என்ற புரதத்தைச் சுரக்கிறது. அது கசிவையும் கூட்டுகிறது, ஒட்டுப் புரதங்களையும் கூட்டுகிறது. விழித்திரையிலேயே குடியிருந்து வழக்கமாகக் குப்பை அகற்றும் மைக்ரோகிளியா செல்களும் சேர்ந்துகொண்டு அழற்சிப் புரதங்களைக் கொட்டுகின்றன. பக்கத்து வீட்டுச் சண்டை மாதிரி, யார் ஆரம்பித்தது என்று கேட்டால் பதில் கிடைக்காது.

நான் போட்டுக்கொண்ட ஊசி வீஇஜிஎஃபை மட்டும் பிடித்து வைக்கும். மற்றவை தம் வேலையைப் பார்த்துக்கொண்டே இருந்தன. இதை முதல் ஊசிக்கு முன்பே யாராவது சொல்லியிருந்தால் ஐந்து மாதம் குற்றவுணர்வில் போயிருக்காது.

இரண்டு வழி சொன்னார்கள். ஒன்று, வீஇஜிஎஃபோடு ஆஞ்சியோபொய்ட்டின்-2 என்ற, குழாயை நிலைகுலையச் செய்யும் புரதத்தையும் சேர்த்துத் தடுக்கும் ஃபாரிசிமாப். இன்னொன்று, பென்சில் லெட் போன்ற மெல்லிய டெக்ஸாமெத்தசோன் குச்சி. அதைக் கண்ணுக்குள் வைத்தால் சில மாதங்கள் மெல்லக் கரைந்து அழற்சியைப் பல பக்கமும் அடக்கும். மாதாமாதம் போய்வர முடியாததால் குச்சியைத் தேர்ந்தெடுத்தேன்.

ஆறு வாரத்தில் 295. ஆனால் கண் அழுத்தம் 27-க்கு ஏறிவிட்டது, ஸ்டீராய்டுக்கு அந்தக் குணம் உண்டு. தினம் இரண்டு வேளை சொட்டு மருந்து போட்டு 17-க்குக் கொண்டுவந்தோம். கண்புரையும் ஆரம்பித்திருக்கிறதாம், அடுத்து அதற்கு அறுவை சிகிச்சை. கதவு நிலை இப்போது நேராகத்தான் தெரிகிறது, கொஞ்சம் மங்கலாக.