ஆற்றங்கரை ஊர்களுக்காக ஒரு பருவநிலைச் சொற்பொழிவு நடத்திய அனுபவம்

தாமிரபரணிப் பாசனப் பகுதியில் உள்ள ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பித்து வருகிறேன். எரிசக்தி, பருவநிலை, சுற்றுச்சூழல் ஆகியவை குறித்து எங்கள் பக்கத்துக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகத்திலும் ஆண்டுதோறும் கருத்தரங்குகள் நடக்கின்றன. அவற்றில் பேசுவோரும் கேட்போரும் பெரும்பாலும் கல்வித்துறையினரே. 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, சுற்றுவட்டார ஊர்மக்கள் வந்து அமர்ந்து கேள்வி கேட்கக்கூடிய ஒரு பொதுச் சொற்பொழிவை நடத்துவதென்று எங்கள் துறையில் முடிவெடுத்தோம். அது நடந்து முடிந்த விதத்தை, இத்தகைய கூட்டம் நடத்த எண்ணும் பிற ஆசிரியர்களுக்கு உதவும் என்ற எண்ணத்தில் இங்கே பதிவு செய்கிறேன்.

அந்த மழையைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 18 காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுவதும் சராசரியாகப் பெய்யும் மழையைவிடக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் பெய்தது அதிகம். இத்தனைக்கும் அது பெயர் சூட்டப்பட்ட புயல்கூட இல்லை. குமரிக்கடல் பகுதியில் நிலவிய வளிமண்டலச் சுழற்சி நகராமல் நின்று கொட்டிய மழை. வீடும் வாழைத்தோட்டமும் கால்நடையும் இழந்தவர்களிடம் அதன்பின் மாதக்கணக்கில் உலவிய விளக்கங்களில் பாதி வதந்தி. மேகம் வெடித்தது என்றார்கள் சிலர். அணையைச் சொல்லாமல் திறந்துவிட்டார்கள் என்றார்கள் பலர். இந்தக் கேள்விகளுக்கு ஆற்றங்கரையில் இருக்கும் ஒரு கல்லூரி பதில் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது என்பதே எங்கள் எண்ணமாக இருந்தது.

அனுமதி பெறுவது நினைத்த அளவுக்குக் கடினமாக இல்லை, ஆனால் அதற்கு ஒரு வழி இருக்கிறது. வெறும் சொற்பொழிவு என்று முன்மொழிவு எழுதினால், ‘மாணவர்களுக்கு என்ன பயன், சான்றிதழ் உண்டா’ என்ற கேள்வியில் கோப்பு நின்றுவிடும். கல்லூரிகளுக்கான தேசியத் தரமதிப்பீட்டில் ஆய்வோடு, ஊர்மக்களிடம் சென்று செய்யும் விரிவாக்கப் பணிக்கும் மதிப்பெண் இருப்பதால், இதைத் துறையின் விரிவாக்கப் பணியாகக் காட்டி, நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களையும் இணைத்து எழுதினோம். துறைத்தலைவர், தர உறுதிப் பிரிவு, முதல்வர் என்று கோப்பு தடையின்றி நகர்ந்தது. செலவுத் திட்டத்தில் நினைவுப் பரிசு, பொன்னாடை, மதிய விருந்து ஆகியவற்றை நீக்கிவிட்டு, துண்டறிக்கை, ஒலிபெருக்கி, தேநீர், பேச்சாளர்களின் பயணப்படி ஆகியவற்றை மட்டும் வைத்தது, தொகையைக் குறைத்ததோடு கூட்டத்தின் இயல்பையும் முன்கூட்டியே தெளிவுபடுத்தியது. ஓர் அலுவலகத்தில் அணை நீர் வெளியேற்ற விவரங்களைக் கேட்டு எழுதிய கடிதத்துக்குக் கடைசிவரை பதில் வரவில்லை. நாளிதழ்களில் அன்றாடம் வெளியான நீர்மட்டக் குறிப்புகளையும் வானிலை ஆய்வு மையம் வெளியிட்ட மழையளவுகளையும் கொண்டே வேலையை முடிக்க வேண்டியிருந்தது. அதுவே போதுமானதாகவும் இருந்தது.

நேரம் குறிப்பதில்தான் அதிகம் யோசித்தோம். கல்லூரி நிகழ்ச்சிகள் வழக்கமாகக் காலை பத்தரைக்குத் தொடங்கும். வயல்வேலைக்குப் போகிறவர் அந்த நேரத்தில் வர முடியாது. மாலை ஆறுக்கு வைத்தால் கடைசிப் பேருந்து தவறிவிடும். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கி ஐந்தரைக்குள் முடிப்பது என்று வைத்தோம். அழைப்பிதழை அஞ்சலில் அனுப்பவில்லை. கால்வாய்ப் பாசனச் சங்கத் தலைவர்கள், ஊராட்சி அலுவலகங்கள், தேநீர்க் கடைகள், நியாயவிலைக் கடைகள் ஆகிய இடங்களுக்கு மாணவர்களே துண்டறிக்கையோடு நேரில் சென்றார்கள். துண்டறிக்கையில் சிறப்பு விருந்தினர்களின் பட்டங்களுக்குப் பதிலாக மூன்று கேள்விகளை மட்டும் அச்சிட்டிருந்தோம்: இவ்வளவு மழை ஏன் பெய்தது, தண்ணீர் எந்த வழியாக வந்தது, மறுபடியும் வருமா. வந்தவர்களில் பலர் அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள்.

பேச்சாளர்கள் இருவர்: வளிமண்டலவியல் ஆய்வாளர் ஒருவர், நீர்வளத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர். இருவருடனும் முன்னதாகவே அமர்ந்து, திரையில் காட்டப்போகும் ஒவ்வொரு படத்தையும் தமிழில் மாற்றினோம். இந்த வேலையை யாரும் சுருக்கிவிடக் கூடாது என்று உறுதியாகச் சொல்வேன். படத்தின் தலைப்பைத் தமிழில் எழுதினால் போதாது. அளவுகளும் கேட்பவரின் கைக்கு எட்ட வேண்டும். 95 சென்டிமீட்டர் என்பதை மட்டும் சொன்னால் ‘இடுப்பளவு தண்ணீர்தானே’ என்று தோன்றிவிடும். ஆகவே ஒரு ஏக்கருக்குக் கணக்குப் போட்டோம். ஒரு சதுர மீட்டரில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தால் 950 லிட்டர். ஒரு ஏக்கர் என்பது சுமார் 4,047 சதுர மீட்டர். அப்படியானால் ஒரு ஏக்கரில் விழுந்தது 38 லட்சம் லிட்டருக்கும் மேல். 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகளில் அதை அள்ளினால் முந்நூறு லாரிக்கும் அதிகம். இந்தக் கணக்கைக் கரும்பலகையில் மாணவி ஒருவர் படிப்படியாகப் போட்டுக் காட்டியபோது, முன்வரிசையில் இருந்த ஒருவர் தன் தோட்டம் இரண்டரை ஏக்கர் என்று சொல்லி அதற்கும் போடச் சொன்னார். போட்டுக் காட்டினார்.

வரவேற்புரை இரண்டு நிமிடம், முதல்வரின் தொடக்கவுரை ஐந்து நிமிடம் என்று முன்பே பேசி வைத்திருந்தோம். முதல்வர் அதைப் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டார். வாழ்த்துரைகள் இல்லை. ஆய்வாளர், காற்றின் வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் அது தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 விழுக்காடு கூடும் என்பதையும், கடல் சூடாகும்போது கனமழை மேலும் கனக்க அது காரணமாகிறது என்பதையும் விளக்கினார். அதே மூச்சில், இந்த ஒரு மழையை மட்டும் பிரித்தெடுத்து ‘இது முழுக்கப் பருவநிலை மாற்றத்தால்தான்’ என்று சொல்வது அறிவியலுக்குப் பொருந்தாது என்றும் சொன்னார். அந்த நேர்மையை மக்கள் மதித்தார்கள் என்பது அடுத்து எழுந்த கேள்விகளின் தொனியிலேயே தெரிந்தது. மேகவெடிப்பு என்பது ஒரு சிறு பரப்பில் ஒரு மணி நேரத்தில் சுமார் 10 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ கொட்டுவது. நம் மாவட்டங்களில் நடந்ததோ இரவும் பகலும் விடாமல், பரந்த நிலப்பரப்பில் பெய்த மழை என்று அவர் பிரித்துக் காட்டியதும் அந்த வதந்தி அங்கேயே அடங்கியது.

அணைக் கேள்வி அவ்வளவு எளிதில் அடங்கவில்லை, அடங்கவும் கூடாது. பொறியாளர் பாபநாசம், மணிமுத்தாறு அணைகளின் கொள்ளளவையும், கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை, ஆற்றுநீரைக் கால்வாய்களுக்குத் திருப்பும் எட்டு அணைக்கட்டுகளையும் வரைபடத்தில் காட்டி, சீவலப்பேரியில் வந்து கலக்கும் சிற்றாற்றின் நீரையும், அணைகளுக்குக் கீழே சமவெளியிலேயே விழுந்த நீரையும் எந்த அணையாலும் பிடித்து வைத்திருக்க முடியாது என்று விளக்கினார். காயல்பட்டினம் கடற்கரை ஊர் என்பதையும், அங்கே பெய்தது அங்கேயே பெருகியது என்பதையும் சுட்டிக்காட்டினார். அப்போது தென்திருப்பேரைப் பக்கத்திலிருந்து வந்திருந்த முதியவர் எழுந்தார்.

“மழை பெஞ்சது சரிதான் ஐயா, அத யாரும் நிறுத்த முடியாது. கடம்பாகுளத்து மறுகால் தண்ணி போற ஓடைய அமலச் செடி மூடிக் கெடக்கே, அத யாரு வெட்டணும்?”

மறுகால் என்பது குளம் நிறைந்தபின் உபரிநீர் வெளியேறும் வழி; அமலச் செடி, நீரில் படரும் களை. அந்த முதியவர் கையில் ஒரு பள்ளிக்கூட நோட்டு இருந்தது. எந்தெந்தக் குளம் எந்த இரவில் எத்தனை மணிக்கு உடைந்தது, தண்ணீர் எந்தப் பக்கம் திரும்பியது, எந்த மடை மண்ணால் மூடிப்போனது என்று பென்சிலால் எழுதி வைத்திருந்தார். பொறியாளர் மேடையிலிருந்து இறங்கிச் சென்று அவருக்குப் பக்கத்தில் அமர்ந்து அந்தப் பக்கங்களைப் படித்தார். நீர் வந்த நேரங்களை வரைபடத்தில் குறித்துக்கொண்டார். அதன்பின் ஒருவர்பின் ஒருவராக வேறு ஊர்க்காரர்களும் தங்கள் ஊரின் நேரங்களைச் சொல்ல, மாணவர்கள் வரைபடத்தில் குறிக்கத் தொடங்கினார்கள். எங்கள் துறையில் யாரிடமும் இல்லாத தரவு அந்த ஒரு மணி நேரத்தில் சேர்ந்தது. பல்கலைக்கழக அரங்குகளில் ‘மக்களுக்கு விழிப்புணர்வு ஊட்டுதல்’ என்று எழுதப்படும் பதாகைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அன்று அறிவு இரு பக்கமும் ஓடியது.

மின்சாரம் பற்றியும் கேட்டார்கள். ஆரல்வாய்மொழியிலும் முப்பந்தலிலும் கயத்தாறிலும் இத்தனை காற்றாடிகள் சுற்றும்போது தூத்துக்குடியில் இன்னும் நிலக்கரி எரிப்பது ஏன் என்று ஓர் இளைஞர் கேட்டார். 1986இலேயே தூத்துக்குடிக்குப் பக்கத்தில் முள்ளக்காட்டில் காற்றாலைகள் நிறுவப்பட்ட மாவட்டம் இது என்பதால் அந்தக் கேள்வி பொருத்தமானது. மேற்குத் தொடர்ச்சி மலைக் கணவாய்களின் வழியே மே முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்றில்தான் நம் காற்றாலைகள் முழுமூச்சாக உற்பத்தி செய்கின்றன, மற்ற மாதங்களில் உற்பத்தி சரிந்துவிடுகிறது, அந்த இடைவெளியைச் சேமிப்பும் சூரிய மின்சாரமும் நிரப்பும்வரை அனல்மின் நிலையம் ஓடிக்கொண்டிருக்கும் என்று சுருக்கமாகவே பதில் சொல்ல முடிந்தது. அதற்குத் தனிக் கூட்டம் வேண்டும்.

கேள்விகள் அனைத்தையும் மாணவர்கள் எழுதிக்கொண்டார்கள். அரங்கில் பதில் சொல்ல முடியாதவற்றுக்குப் பேச்சாளர்களிடம் பதில் வாங்கி, நான்கு பக்கத் தாளாக அச்சிட்டு, வந்தவர்களின் ஊராட்சி அலுவலகங்களில் ஒட்டினோம். நீர் வந்த நேரங்களைக் குறித்த வரைபடத்தின் படியை, முதியவரின் ஓடைக் கோரிக்கையோடு சேர்த்து, பாசனச் சங்கத்தினர் மாவட்ட ஆட்சியரிடம் குறைதீர் நாளில் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த சொற்பொழிவின் பொருளை அவர்களே தேர்ந்தெடுத்தார்கள்: தண்ணீர் தேங்கிய வாழைத்தோட்ட மண்ணை மீட்பது எப்படி. எங்கள் துறையில் அதற்கு ஆளில்லை என்பதால் கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரிக்கு எழுதியிருக்கிறோம். அறுவடை முடிந்தபின் வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சங்கத்தினர் குறித்துத் தந்திருக்கிறார்கள்.