குளிருக்குப் பழகும் முட்டைக்கோஸ் நாற்றுகள்: இதுவரை பார்த்தது

உறைகுளிரைச் செடி தாங்குவதில் ஹார்மோன்களுக்கு எவ்வளவு பங்கு என்று முட்டைக்கோஸ் நாற்றுகளை வைத்துப் பார்த்து வருகிறேன். ஒரு தொகுதி வழக்கம்போல் அறையில் வளர்ந்தது. இரண்டாவது ஃப்ரிட்ஜுக்குள், 4 டிகிரியில், எல்இடி விளக்கோடு. வெளிச்சம் இல்லாவிட்டால் இலையில் சர்க்கரை சேராது, பழக்கமும் அரைகுறையாகவே நிற்கும். மூன்றாவது தொகுதி அறையிலேயே இருந்தது. தண்ணீரைக் குறைத்து லேசாக வாடவிட்டேன்.

ஏன் வாடவிட வேண்டும்? பனிக்கட்டி முதலில் செல்லுக்கு வெளியேதான் உருவாகிறது. அது உள்ளே இருக்கும் நீரை வெளியே இழுத்துவிடும். ஆக, செல்லைப் பொறுத்தவரை உறைபனியும் ஒரு வறட்சிதான். வறட்சியில் கூடும் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் பாதுகாப்புப் புரதங்களுக்கான மரபணுக்களைத் தூண்டுகிறது. குளிரில் அவற்றில் பலவற்றைத் தூண்டுபவை சிபிஎஃப் புரதங்கள். அந்த ஹார்மோனை வாங்கித் தெளிப்பதைவிடச் செடியையே தயாரிக்க வைக்கலாம் என்று நினைத்தேன்.

சோதனைக்கு முன் வாடியவற்றுக்குத் தண்ணீர் விட்டு நிமிரவிட்டேன். சாறு அடர்ந்திருப்பதால் வரும் பலன் இதில் கலக்கக் கூடாது. இலைத் துண்டுகளைக் குழாய்களில் போட்டு, ஐஸும் உப்பும் கலந்த தொட்டியில் −5 டிகிரி வரை குளிரவைத்தேன். ஒவ்வொரு குழாயிலும் ஒரு பனித்துகள் போடுவது முக்கியம். இல்லையென்றால் நீர் உறையாமலே பூஜ்யத்துக்குக் கீழே போகும், எல்லாச் செடியும் தாங்கியதுபோல் தெரியும். உருகியதும் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, நீரில் கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் அளந்தேன். செல் சவ்வு சிதைந்திருந்தால் உப்புகள் கசிந்து எண் ஏறும். அப்புறம் அதே துண்டுகளைக் கொதிக்கவைத்து மொத்தக் கசிவை அளந்து விகிதம் போட்டேன்.

அறைச் செடிகள் பாதிக்கு மேல் கசிந்தன. ஃப்ரிட்ஜ் செடிகளில் கசிவு மிகக் குறைவு. வாடவிட்டவை இரண்டுக்கும் இடையில். குளிரையே பார்க்காத இலை உறைபனியை இந்த அளவுக்குத் தாங்கியதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்!

ஃப்ரிட்ஜ் நாற்றுகள் குட்டையாகவே நிற்கின்றன. குளிரில் வளர்ச்சி மந்தமாவது இயல்பு. ஆனால் ஆய்வகங்களில் அதிகம் பயன்படும் அரபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் இன்னொரு காரணமும் தெரிந்திருக்கிறது: சிபிஎஃப், ஜிப்ரலின் என்ற வளர்ச்சி ஹார்மோனைச் செயலிழக்கச் செய்யும் நொதியைக் கூட்டுகிறது, ஜிப்ரலின் குறைந்ததும் டெல்லா புரதங்கள் சேர்ந்து வளர்ச்சியைப் பிடித்து நிறுத்துகின்றன. அந்த டெல்லாக்கள் உறைபனியைத் தாங்கவும் உதவுகின்றன. சரி, அடுத்து ஃப்ரிட்ஜ் தொகுதியில் பாதிக்கு ஜிப்ரலின் தெளித்து, கசிவு கூடுகிறதா என்று அளக்கப் போகிறேன்.