வீட்டு கிரைண்டரில் போன விரல்

என் வலது ஆள்காட்டி விரலில் மேல் கணு இப்போது இல்லை. அது போன வலி ஒரு மாதத்தில் ஆறிவிட்டது. அது எங்கே போனது என்று நிரூபிக்க ஏழு மாதம் அலைந்ததுதான் இன்னும் ஆறவில்லை.

கோவையில் பம்புக்கும் கிரைண்டருக்கும் தகட்டுப் பாகங்கள் அடித்துக் கொடுக்கும் பட்டறை. மொத்தம் 14 பேர். நான் அப்போது 30 டன் பவர் பிரஸ்ஸில் மூன்று வருடமாக நின்றுகொண்டிருந்தேன். பெடலை ஒரு தடவை மிதித்தால் ராம், அதாவது தகட்டை அடிக்கும் மேல் பாகம், ஒரு தடவைதான் இறங்க வேண்டும். 2023 பிப்ரவரியில் ஒரு நாள், இரண்டாவது ஷிப்ட். மிதித்துக் காலை எடுத்தேன், பீஸை எடுக்கக் கையை விட்டேன், மிதிக்காமலே ராம் ரிப்பீட் அடித்துவிட்டது. கிளட்ச் சாவி தேய்ந்திருக்கிறது என்று முந்தின வாரமே சொல்லியிருந்தேன். டைக்கு (தகடு அடிபடும் அச்சுக்கு) முன்னால் கை போகாமல் தடுக்க இருக்க வேண்டிய கார்டு, அதாவது தடுப்பு, ஒட்டடை படிந்து சுவரோரம் சாய்ந்து கிடந்தது. கார்டு இருந்தால் பீஸ் கணக்கு குறைகிறது என்று கழற்றியது. கழற்றிய கைகளில் என்னுடையதும் ஒன்று.

கம்பெனி டெம்போவில்தான் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பாதி வழியில் சூப்பர்வைசர் குனிந்து மெதுவாகச் சொன்னார்: "தம்பி, கம்பெனில ஆச்சுன்னா போலீஸ், கேஸுன்னு ஆயிரும். ஊட்டு கிரைண்டர் பெல்ட்ல மாட்டிக்கிச்சுன்னு சொல்லிப்போடலாம். செலவெல்லாம் மொதலாளி பாத்துக்குவார்." துண்டுக்குள் கை சொதசொதவென்று நனைந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் யார் என்ன சொன்னாலும் தலையாட்டியிருப்பேன், ஆட்டினேன். ஆஸ்பத்திரியில் விபத்துப் பதிவேட்டில் அப்படியே எழுதினார்கள்: வீட்டில் கிரைண்டர் பெல்ட்டில் சிக்கியது, மாலை 5.10.

எங்கள் வீட்டில் கிரைண்டரே கிடையாது. அண்ணாச்சி கடை பாக்கெட் மாவுதான்.

ஆஸ்பத்திரிச் செலவை முதலாளி கட்டினார், அதைச் சொல்லத்தான் வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகு, மில்லில் வேலை பார்க்கும் என் மச்சான்தான் பிடித்து உலுக்கினார்: "மாசாமாசம் சம்பளத்துல இ.எஸ்.ஐ. புடிக்கறாங்கல்ல, போய்க் கேளுங்க மாப்ள." இ.எஸ்.ஐ. என்பது தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு. அதன் டிஸ்பென்சரிக்குப் போனேன். கட்டைப் பார்த்து டாக்டர் லீவு சர்டிபிகேட் கொடுத்தார், ஆனால் சாதாரண நோய் விடுப்பாக. என் கையில் இருந்த ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பியில் கிரைண்டர் என்று இருக்கும்போது அவர் வேறென்ன எழுதுவார்?

இதில் என்ன வித்தியாசம் என்பவர்களுக்கு: நோய் விடுப்புக்குச் சராசரி நாள் சம்பளத்தில் 70 சதவீதம், அதிலும் முதல் இரண்டு நாளுக்கு ஒன்றும் கிடையாது. வேலையில் பட்ட காயம் என்றால் 90 சதவீதம், விபத்துக்கு மறுநாளிலிருந்து, ஞாயிறும் சேர்த்து. என் சராசரி 600 ரூபாய். 420-க்கும் 540-க்கும் உள்ள தூரம். அதைவிடப் பெரியது, விரல் போனதற்கு ஆயுசுக்கும் வரும் தொகை. நோய்க் கணக்கில் போனால் அது அடியோடு கிடையாது.

வேலையில் நடந்த காயம் என்று ஏற்க வேண்டுமானால் முதலில் முதலாளி பாரம் 12 என்ற விபத்து அறிக்கையை இ.எஸ்.ஐ.க்கு அனுப்ப வேண்டும். விபத்து பற்றித் தெரிந்த 24 மணி நேரத்துக்குள் அனுப்ப வேண்டியது அது. எங்கள் ஆபீஸில் மூன்று வாரமாக "அனுப்பியாச்சுப்பா" என்றார்கள். இ.எஸ்.ஐ. பிராஞ்ச் ஆபீஸில் கவுண்டரில் இருந்தவர் ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டரில் என் நம்பரைத் தட்டிவிட்டு, தலையைத் தூக்காமலே "ஒண்ணும் வரலையே" என்பார். நான்கு தடவை. நான்காவது தடவை மட்டும் தலையைத் தூக்கினார்: "அதான் ஏ.ஆர்.ல வீட்லன்னு இருக்கே. உங்களுக்கு எதுக்கு பாரம் 12?" பின்னால் வரிசையில் நின்ற ஒரு பெரியம்மா சிரித்துவிட்டார். அன்றைக்குப் பஸ் ஸ்டாப்பில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பட்டறையில் போய்க் கேட்டதற்கு சூப்பர்வைசர் குரல் மாறிவிட்டது. "கார்டைக் கழட்டினது நீதான? நோண்டினா உனக்குத்தான் ஒண்ணும் கிடைக்காது." இதை நம்பி வாயை மூடிக்கொண்டவர்கள் எங்கள் ஏரியாவிலேயே இரண்டு பேர் எனக்குத் தெரியும். நம்பாதீர்கள். அப்போதைய இ.எஸ்.ஐ. சட்டத்தில் 51பி என்றே ஒரு பிரிவு இருந்தது. முதலாளியின் வேலைக்காகச் செய்தபோது பட்ட காயம் என்றால், நாம் விதியை மீறியிருந்தாலும் அது வேலைக் காயம்தான். சிகிச்சை விடுப்பில் இருப்பவரை வேலையை விட்டு நிறுத்தவும் கூடாது, அது அதே சட்டத்தில் பிரிவு 73. இரண்டையும் மச்சானுடைய சங்கத்துக்காரர் ஒருவர் டீக்கடையில் வைத்து, ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டு இன்னும் என் பர்ஸில் இருக்கிறது.

அவர் சொன்ன இன்னொன்றுதான் வேலை செய்தது. வாயால் கேட்பதை நிறுத்தினேன். தேதி, நேரம், மிஷின், எப்படி நடந்தது, யார் பார்த்தார்கள், டெம்போவில் யார் கூட வந்தார்கள், ஆஸ்பத்திரியில் ஏன் மாற்றிச் சொன்னேன், எல்லாவற்றையும் ஒன்றரைப் பக்கத்தில் எழுதினேன். வலது கையில் கட்டு. தங்கச்சி எழுத, நான் இடது கையால் கையெழுத்துப் போட்டேன். ஒப்புகை அட்டையோடு ரிஜிஸ்டர் தபாலில் முதலாளிக்கு ஒன்று, பிராஞ்ச் ஆபீஸுக்கு ஒன்று, தொழிற்சாலைப் பாதுகாப்பு ஆய்வாளருக்கு ஒன்று. 48 மணி நேரத்துக்கு மேல் வேலைக்கு வர முடியாத விபத்து என்றால் அந்த ஆய்வாளருக்கும் முதலாளி தெரிவித்திருக்க வேண்டும். எங்கள் முதலாளி தெரிவிக்கவில்லை. ஒன்பதாவது நாள் பாரம் 12 வந்தது. 'தொழிலாளியின் கவனக்குறைவால்' என்று ஒரு வரியோடு. வந்தால் போதும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு விசாரணை. இங்கே என்னைக் காப்பாற்றியது அக்கவுண்ட்ஸ் அக்கா. பஞ்ச் மிஷினிலிருந்து என் பிப்ரவரி வருகைப் பதிவைப் பிரிண்ட் எடுத்து, சாப்பாட்டுப் பையில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே வந்தது 1.52. வெளியே போனதற்குப் பதிவே இல்லை. ஆஸ்பத்திரியில் 5.10. ஷிப்டில் இருந்தவன் எந்த வீட்டு கிரைண்டரில் கையை விட்டிருப்பான்? விசாரணைக்கு வந்த அதிகாரி இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், டெம்போ டிரைவரைக் கூப்பிட்டு இரண்டே கேள்வி கேட்டார். டிரைவர் அண்ணன் முதலாளி முகத்தைப் பார்க்காமல் உண்மையைச் சொல்லிவிட்டார். வேலைக் காயம் என்று ஏற்றுக்கொண்டார்கள். 47 நாளுக்கு விட்டுப்போன வித்தியாசம் 6,480 ரூபாய் கணக்கில் ஏறியது. அன்றைக்கு வீட்டில் கறி.

சம்பாதிக்கும் சக்தியில் எத்தனை சதவீதம் போனது என்று முடிவு செய்வது மெடிக்கல் போர்டு. அங்கே முதல் தடவை போனது வீண் பயணம். கையைக் காட்டினால் போதும் என்று நினைத்துப் போனேன். "எக்ஸ்ரே எங்கே?" என்றார்கள். எக்ஸ்ரே தனியார் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தது. நுனிச் சதை மட்டும் போய் எலும்பு தப்பியிருந்தால் ஆள்காட்டி விரலுக்கு 5 சதவீதம். ஒரு கணு போயிருந்தால் 9. இரண்டு கணு 11, முழு விரல் 14. அப்போதைய இ.எஸ்.ஐ. சட்டத்தின் இரண்டாவது அட்டவணையில் விரல் விரலாக விலை போட்டு வைத்திருந்தார்கள். மோதிர விரலும் சுண்டு விரலும் இன்னும் மலிவு. எலும்பு போனதை எக்ஸ்ரேதான் சொல்லும். அடுத்த போர்டுக்கு ஒரு மாதம் காத்திருந்து, எக்ஸ்ரேயோடு போய், 9 வாங்கினேன். அந்த 540-இல் 9 சதவீதம், நாளைக்கு 48 ரூபாய் சொச்சம், ஆயுசுக்கும். குறைத்துப் போட்டுவிட்டார்கள் என்று தோன்றினால், முடிவு கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம். டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே எக்ஸ்ரேயைக் கையோடு வாங்கிவிடுங்கள்.

திரும்பி வேலைக்குப் போனது தனிக் கதை. பிட்னஸ் கொடுத்த டாக்டர் விரலை மடக்கச் சொன்னார், நீட்டச் சொன்னார், சரி என்றார். பிரஸ் 'டங்' என்று இறங்கும் ஒவ்வொரு தடவையும் வயிற்றுக்குள் ஏதோ இழுத்துப் பிடிப்பதை அவரிடம் சொன்னேன். "போகப் போகச் சரியாயிடும்பா" என்றார். சர்டிபிகேட்டில் அதற்கு இடமில்லை. முதல் வாரம் பெடலில் கால் வைக்கவே வரவில்லை. மூட்டுக்குக் கீழே நடுங்கும். பையன்கள் கிண்டல் செய்தார்கள், சூப்பர்வைசர் பீஸ் கணக்கைக் காட்டினார். டிரில்லிங் மிஷினுக்கு மாற்றுங்கள் என்று கேட்டேன், சிரித்தார். பிறகு பாதுகாப்பு ஆய்வாளர் ஒரு நாள் வந்து போனார். அடுத்த வாரமே மூன்று பிரஸ்ஸுக்கும் கார்டு ஏறியது, கிளட்ச் சாவி புதிது, நான் டிரில்லிங்கில். என் பழைய பிரஸ்ஸில் இப்போது ஒடிசா தம்பி ஒருவன் நிற்கிறான். போன மாதம் அவனிடம் இ.எஸ்.ஐ. நம்பர் கேட்டேன், அப்படி ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியவில்லை. அக்கவுண்ட்ஸ் அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.

தனியார் ஆஸ்பத்திரியில் அந்தப் பதிவைத் திருத்தச் சொல்லி இரண்டு தடவை எழுதிக் கொடுத்தேன். எழுதியதை மாற்ற மாட்டோம் என்றுவிட்டார்கள். அவர்கள் புத்தகத்தில் நான் இன்னும் வீட்டில் மாவாட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.