பேரேடும் ஆவணம்தான்

போன மாதம் பரணைச் சுத்தம் செய்தபோது, செவ்வாய்ப்பேட்டையில் தாத்தா வைத்திருந்த வெல்ல மண்டியின் பேரேடுகள் மூன்று கிடைத்தன. சித்தப்பா தூசியைத் தட்டிவிட்டு, "ஏன் கண்ணு, இதென்ன ஆவணமா, பட்டாவா பத்திரமா? எடைக்குப் போட்டுரலாம்" என்றார். சேலத்தில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். ஆவணம் என்றாலே பத்திரப்பதிவு அலுவலக வாசலும் ஆவண எழுத்தர் பலகையும்தான் நம் கண்ணுக்கு வருகின்றன.

எனக்கு மனசு கேட்கவில்லை. சங்கப் பாட்டில் ஆவணம் என்றால் கடைத்தெரு. அகநானூறு 122-இல் பரணர் 'மல்லல் ஆவணம்' என்கிறார், வளமான கடைத்தெரு. அது அடங்கினாலும் அம்மா தூங்கமாட்டாள், காதலனைப் பார்க்க வழியில்லை என்று ஒரு பெண் தவிக்கிற பாட்டு. அதே அகநானூற்றில் 77-ஆம் பாட்டில், கயிற்றால் கட்டிய குடத்தின் முத்திரையைச் சரிபார்த்து உடைத்து உள்ளே இருக்கும் ஓலையை எடுப்பவர்களுக்குப் பெயர் 'ஆவண மாக்கள்'. அப்புறம் சோழர் கல்வெட்டுகளில் ஆவணக்களரி வருகிறது. நிலம் விற்றவர்கள் விலையைக் கையில் வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுத்த இடம். கடைத்தெருவுக்கும் எழுத்துக்கும் ஒரே சொல் புழங்கியிருக்கிறது. அப்படியிருக்க, மண்டிக் கணக்கு ஆவணம் இல்லையென்றால் வேறு எது?

வரலாற்று ஆவணம் என்றால் வரலாறு எழுதவேண்டும் என்று நினைத்து எழுதியது என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. அன்றைய வேலைக்காக அன்றே எழுதி, வேலை முடிந்தபிறகும் அழியாமல் தங்கியதுதான் ஆவணம். 1792-இல் பாராமகாலும் (இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம்) சேலமும் கிழக்கிந்தியக் கும்பினி கைக்கு வந்ததும் கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாளராக வந்த தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து எழுதித் தள்ளினார்கள், வரி போடுவதற்காக. இன்று நம் ஊர்ப்பக்கத்து அக்கால விவசாயத்தைப் பற்றிப் பேச வேண்டுமானால் அந்த வரிக் காகிதங்களைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது.

இன்னொரு வருத்தமும் உண்டு. பெரியவர் ஒருவரைப் பேசவைத்து வீடியோ எடுத்துவிட்டு 'ஆவணப்படுத்தினோம்' என்கிறார்கள். நல்ல வேலைதான், கட்டாயம் செய்ய வேண்டியதுதான், ஆனால் ஐம்பது வருடம் கழித்துச் சொல்வது நினைவு. அதைப் பதிவு என்று சொல்லலாமே. தாத்தாவின் பேரேட்டில் இத்தனை சிப்பம் வெல்லம், இன்னார் பற்று, இன்னும் வரவில்லை என்று அன்று ராத்திரியே எழுதிய வரி இருக்கிறதே, அதன் கனம் வேறு.

பக்கங்களை போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். "அதான் படம் எடுத்தாச்சே, நோட்டு எதுக்கு?" என்று சித்தப்பா மறுபடி வந்தார். சுந்தரர் கதையைச் சொன்னேன். கல்யாணப் பந்தலில் 'நீ எனக்கு அடிமை' என்று ஒரு கிழவர் நீட்டிய ஓலையை அவர் கிழித்தே போட்டார், ஆனால் கிழிந்தது படி ஓலை, அதாவது நகல்; திருவெண்ணெய்நல்லூர் சபையில் மூல ஓலையைக் காட்டித்தான் கிழவர் வழக்கை ஜெயித்தார். சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு உள்ளே போய், பாட்டியின் பழைய காடாத்துணி ஒன்றைக் கொண்டுவந்து, மூன்றையும் அவரே சுற்றிக் கட்டினார்.