சிறுகிழங்குக் கறை

மார்கழி கடைசி நாள் மாலையில், திருநெல்வேலிக்கு மேற்கே ஒரு சிற்றூரில் இருந்த எங்கள் ஆச்சி வீட்டுத் தார்சாவில், அதாவது முன்கூடத்தில், ஒரு சாக்கு நிறையச் சிறுகிழங்கு வந்து இறங்கும். எங்களுக்குப் பொங்கல் அந்த நிமிடமே தொடங்கிவிடும். மறுநாள் குழம்பில் சேனை, சேம்பு, வாழைக்காய், பூசணி, அவரை, மொச்சை என்று எத்தனை காய்கள் சேர்ந்தாலும், சிறுகிழங்கு இல்லாத இலையை ஆச்சி பொங்கல் இலையாகவே கருதியதில்லை.

அந்தக் கிழங்கைச் சுத்தம் செய்வது தனியொருவரால் ஆகிற வேலை அன்று. கட்டைவிரல் அளவேயுள்ள கிழங்கின் தோலோடு மண் அப்பிக்கிடக்கும். தண்ணீரில் ஊறவைத்து, சாக்கில் கொட்டி வாயைக் கட்டி, அப்பாவும் சித்தப்பாவும் மாறி மாறிக் கல்தரையில் அடித்து உருட்டுவார்கள். பாதித் தோல் அதிலேயே கழன்றுவிடும். மீதியைச் சுரண்டுவதற்குப் பெரியம்மா, அம்மா, சித்தி, பிள்ளைகள் என்று எல்லோரும் சுற்றி உட்கார்ந்தால், எழுந்திருக்க இரவு பத்து மணியாகும். “ஏட்டி, இப்படிச் சுரண்டுனா கொழம்புக்குக் கெழங்கு மிஞ்சுமா?” என்று ஆச்சி என் கையைப் பிடித்து, கத்தியைச் சாய்த்துப் பிடிக்கும் விதத்தைக் காட்டிக்கொடுத்தது இன்றும் விரல்களில் நிற்கிறது.

ஒரு வருடம், பாகப்பிரிவினையில் மனம் கசந்து, பெரியம்மாவும் அம்மாவும் பல மாதங்களாகப் பேசாமல் இருந்தார்கள். அன்றும் ஆளுக்கொரு பக்கமாகத்தான் உட்கார்ந்தார்கள். கிழங்கு பாதி தீர்ந்திருந்தபோது, “அந்தக் கத்திய இப்படித் தாங்கக்கா” என்றாள் அம்மா. பெரியம்மா கத்தியை எடுத்துக் கொடுத்தாள். எந்தச் சமாதானப் பேச்சும் நடக்கவில்லை. ஆனால் மறுநாள் விடியலில் வாசலில் அடுப்புக்கட்டிகளை வைத்து, பனையோலையைத் திணித்து எரித்து, பால் பொங்கியபோது இருவரும் சேர்ந்தே குலவையிட்டார்கள். விருந்து என்றால் இலையில் விழுவதை மட்டும் நினைக்கிறோம். என்னைக் கேட்டால், உண்பதற்கு முன் கூடியிருந்து கைகள் ஒரே வேலையைச் செய்கிற அந்த மூன்று நான்கு மணி நேரத்தில்தான் உறவு தன்னைச் சரிசெய்துகொள்கிறது.

திருமணமாகிப் போன அத்தைக்கு அரிசி, வெல்லம், மஞ்சள்குலை, கரும்பு என்று பொங்கல்படி முன்கூட்டியே போய்விடும். மாட்டுப் பொங்கலன்று அவள் பிள்ளைகளோடு வந்து இறங்கும்போது, முந்தைய நாளின் குழம்பும் கறிகளும் ஒன்றாகிச் சுண்டக்கறியாக அடுப்பில் இருக்கும். மண்சட்டியில் சுண்டச் சுண்டக் காய்கள் உருவிழந்து, புளிப்பும் காரமும் ஒன்றுக்குள் ஒன்று இறங்கி, பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் பதத்தில் நிற்கும். அதற்காகவே வந்ததாக அத்தை சொல்வாள். அது உண்மை என்றே நான் நம்புகிறேன்.

ஆச்சி காலமான பிறகு சில வருடங்கள் நாங்கள் கூடவில்லை. அவரவர் ஊரில், அவரவர் அடுப்பில் குக்கர்ப் பொங்கல் வைத்தோம். தோல் சீவிய கிழங்கைக் கடையில் வாங்கி நானும் குழம்பு வைத்தேன். ருசியில் குறையில்லை. ஆனால் அந்த வருடங்களில் ஒரு பொங்கலைக்கூட என்னால் தனியாகப் பிரித்து நினைவுகூர முடியவில்லை, எல்லாம் கலந்து ஒரே நாளாகத் தெரிகின்றன.

சென்ற பொங்கலுக்குச் சித்தப்பா எல்லோரையும் அழைத்தார். அதே தார்சாவில் சாக்கு இறங்கியது. ஒருவரையொருவர் கல்யாண வீடுகளில் மட்டுமே பார்த்திருந்த பிள்ளைகள், முதலில் கூச்சத்தோடு தள்ளித் தள்ளி உட்கார்ந்து, பின் யார் சுரண்டியது அதிகம் என்று கிண்ணங்களை ஒப்பிடத் தொடங்கினார்கள். ஊர் திரும்பி இரண்டு நாள் கழிந்தும் என் மகளின் விரல்களில் கிழங்குக் கறை முழுதாகப் போகவில்லை. புளி போட்டுத் தேய்த்துவிடுகிறேன் என்று கூப்பிட்டேன். அவள் வரவில்லை. பெங்களூரில் இருக்கும் சித்தப்பா பேரனை வீடியோ அழைப்பில் கூப்பிட்டு, பத்து விரல்களையும் விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். அவனும் தன்னுடையதை விரித்துக் காட்டினான்.